பாடநூலில் இருப்பது யார் வீட்டுக் குழந்தை?

குழந்தை உளவியல் படிக்க வேண்டும் என்று பிளஸ் டூ முடித்த மாணவி ஒருத்தி ஆசைப்பட்டால், தமிழ்நாட்டில் அவளுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று பி.எஸ்சி. உளவியல். நினைவாற்றல், புலனுணர்வு, ஆளுமை, புள்ளியியல், மனநலக் கோளாறுகள் என்று பருவங்கள் ஓடும். குழந்தை அதில் ஓரிரு தாள்களில் வந்துபோகும். மற்றது மனையியல். அங்கே உணவு, துணி, குடும்ப வளம், விரிவாக்கம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிளையாக ‘மனித மேம்பாடு’ இருக்கும். கருவில் உருவாவதிலிருந்து முதுமை வரை அதில் படிக்கிறார்கள். பால்வாடிக்குப் போய்க் குழந்தைகளோடு தரையில் உட்காருகிறார்கள். முதல் வாசலில் இன்று கூட்டம் முண்டியடிக்கிறது. இரண்டாவதைச் ‘சமையல் படிப்பு’ என்று சொந்தக்காரர்களே தள்ளிவிடுகிறார்கள்.

குழந்தையைப் பற்றிய அறிவு இப்படி இரண்டு துறைகளில் சிதறிக் கிடப்பதற்கு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு தெரியாமல் இந்தப் படிப்பின் பலமும் பலவீனமும் பிடிபடாது.

இந்தியாவில் உளவியல் தத்துவத் துறையின் நிழலில் நுழைந்தது. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916-இல் நரேந்திரநாத் சென்குப்தா சோதனை உளவியலுக்குத் துறை அமைத்தார். மைசூரில் 1924, சென்னையில் 1943. சென்னைத் துறையைத் தொடங்கியவர் ஜி.டி. போவாஸ். எதிர்வினை நேரத்தை அளக்கும் கருவிகளும் நுண்ணறிவுச் சோதனைத் தாள்களும் இந்தத் துறைகளின் அடையாளங்கள். குழந்தையோ வேறு வழியாகப் பல்கலைக்கழகத்துக்குள் வந்தது, பெண்கள் கல்லூரி வழியாக. அகில இந்தியப் பெண்கள் மாநாட்டின் முயற்சியில் 1932-இல் டெல்லியில் லேடி இர்வின் கல்லூரி எழுந்தது. 1949-இல் பிறந்த பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஹன்சா மேத்தா. மனையியல் புலம் அங்கே வேர்பிடித்தது அவர் காலத்தில்தான். கோயம்புத்தூரில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957-இல் வந்தது. அதைப் பல ஆண்டுகள் வழிநடத்திய ராஜம்மாள் தேவதாஸ் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பியவர்.

அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்ந்தது? அங்கும் பேராசிரியர்கள் குழந்தையை ஆய்வுக்கு உரிய பொருளாக நெடுநாள் மதிக்கவில்லை. அயோவாவைச் சேர்ந்த கோரா புஸி ஹில்லிஸ் என்ற பெண்மணி தன் குழந்தைகளில் சிலரை இளம் வயதிலேயே பறிகொடுத்தவர். பன்றியையும் மக்காச்சோளத்தையும் மேம்படுத்த அரசு பணம் கொடுத்து ஆராய்கிறதே, குழந்தைக்கு ஏன் ஆராயக்கூடாது என்று கேட்டுப் பல ஆண்டுகள் சட்டமன்றத்தை விடாமல் நச்சரித்தார். அதன் பலன்தான் 1917-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் அமைந்த குழந்தைநல ஆராய்ச்சி நிலையம். 1920-களில் ராக்ஃபெல்லர் குடும்பத்தின் அறக்கட்டளை ஒன்று அயோவா, மின்னசோட்டா, பெர்க்லி, டொராண்டோ என்று பணத்தை இறைத்தது. அந்த நிலையங்களில் பெரும்பாலானவை முதல் வேலையாகச் செய்தது ஒன்றுதான்: வளாகத்துக்குள்ளேயே ஒரு மழலையர் பள்ளி திறந்தார்கள். ஆய்வாளருக்குத் தினமும் பார்க்கக் குழந்தைகள் வேண்டும். பரோடாவும் டெல்லியும் கோவையும் இந்த அமைப்பைத்தான் எடுத்துக்கொண்டன. மனையியல் கல்லூரிக்குள் ஒரு மழலையர் பள்ளி இருப்பதை ஏதோ சமூகசேவை என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பார். வேதியியல் துறைக்கு ஆய்வுக்கூடம் எதுவோ, அந்தத் துறைக்கு அது.

அயோவாவிலிருந்து இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டும் 1930-களில் நடந்தவை. இரண்டுக்கும் குழந்தைகள் வந்தது ஒரே இடத்திலிருந்து: டேவன்போர்ட் நகரத்து அநாதை இல்லம்.

முதல் ஆய்வு திட்டமிட்டுத் தொடங்கியதல்ல. இல்லத்தில் இடநெருக்கடி. 13 மாதம், 16 மாதம் ஆன இரண்டு பெண் குழந்தைகள் உட்காரவும் திராணியின்றி, 6, 7 மாதக் குழந்தைகளின் வளர்ச்சியோடு கிடந்தார்கள். இனித் தேற மாட்டார்கள் என்று முடிவுகட்டி, அறிவுவளர்ச்சி குன்றிய பெரியவர்கள் தங்கும் விடுதிக்கு அவர்களை மாற்றினார்கள். சில மாதங்கள் கழித்து உளவியலாளர் ஹெரால்ட் ஸ்கீல்ஸ் அங்கே போனபோது, ஓடியாடிக்கொண்டிருந்த இரண்டு குழந்தைகளை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. விடுதியிலிருந்த பெண்கள் ஆளுக்கொரு குழந்தையைத் தத்து எடுத்ததுபோல் தூக்கி, கொஞ்சி, பேசி வளர்த்திருந்தார்கள். ஸ்கீல்ஸ் மேலும் சிலரை அனுப்பினார். மொத்தம் 13 குழந்தைகள். அவர்களின் நுண்ணறிவு ஈவு சராசரியாக 25 புள்ளிகளுக்கு மேல் உயர்ந்தது. அநாதை இல்லத்திலேயே தங்கிவிட்ட 12 குழந்தைகளின் ஈவு ஏறத்தாழ அதே அளவுக்குச் சரிந்தது.

1939-இல் இது அச்சானபோது கேலிதான் மிஞ்சியது. நுண்ணறிவு பிறப்போடு வருவது என்று நம்பிய லூயிஸ் டெர்மன் போன்ற பெரியவர்கள், மனவளர்ச்சி குன்றிய பெண்களா குழந்தைகளின் அறிவை உயர்த்தினார்கள் என்று சிரித்தார்கள். அவர்களின் எதிர்ப்பு முழுக்க வறட்டுப் பிடிவாதம் என்றும் தள்ளிவிட முடியாது. எண்ணிக்கை மிகச் சிறியது. கைக்குழந்தையிடம் எடுத்த சோதனை மதிப்பெண் பிற்கால அறிவை அவ்வளவாக முன்கூட்டிச் சொல்லாது. குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவும் இல்லை. ஸ்கீல்ஸ் அதற்குப் பதிலை 1966-இல்தான் கொடுத்தார். அத்தனை பேரையும் தேடிக் கண்டுபிடித்திருந்தார். விடுதிக்குப் போய்ப் பின்னர் பெரும்பாலும் தத்துக் கொடுக்கப்பட்ட 13 பேரும் சொந்தக் காலில் நின்றார்கள். பள்ளி இறுதிவரை படித்திருப்பது அவர்களிடையே சாதாரணம். மற்ற குழுவில் குறைந்தது பாதிப் பேரின் படிப்பு மூன்றாம் வகுப்பைத் தொடவில்லை. சிலர் இன்னும் காப்பகங்களிலேயே இருந்தார்கள்.

இரண்டாவது ஆய்வு நடந்தது 1939-இல். திக்குவாய் பற்றி ஆராய்ந்த வெண்டல் ஜான்சன் தானே திக்குபவர். பெற்றோர் ஓயாமல் திருத்துவதால்தான் திக்கல் உருவாகிறது என்பது அவர் எண்ணம். அதைச் சோதிக்க, அவருடைய மாணவி மேரி டியூடர் அதே டேவன்போர்ட் இல்லத்தில் 22 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆறு குழந்தைகளிடம், உனக்குத் திக்குகிறது, திக்காமல் பேச முடிந்தால் மட்டும் வாயைத் திற என்று மாதக்கணக்கில் சொன்னார். அவர்கள் பேசத் தயங்கினார்கள், வாயைப் பொத்திக்கொண்டார்கள், வகுப்பில் பின்வாங்கினார்கள். ஆய்வேடு நூலகத்தில் தூங்கியது. 2001-இல் ஒரு நாளிதழ் அதை வெளிக்கொண்டுவந்த பிறகு பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007-இல் அயோவா அரசு இழப்பீடு வழங்கியது.

ஒரே இல்லம், ஒரே பல்கலைக்கழகம், அநேகமாக ஒரே ஆண்டு. முதலாவது, கவனிப்பு குழந்தையை எவ்வளவு உயர்த்தும் என்று காட்டியது. இரண்டாவது, பெரியவர் வாயிலிருந்து வரும் ஒரு சொல் என்ன செய்யும் என்று காட்டியது. இரண்டிலுமே குழந்தைகளுக்காகக் ‘கூடாது’ என்று சொல்ல யாரும் இல்லை. அதனால்தான் அவை நடக்க முடிந்தன. ஆய்வு அறம் என்பதைக் கடைசிப் பருவத்தில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக வைக்கும் பாடத்திட்டங்களைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் குழந்தைகள் தொடர்பான ஆய்வுகளுக்குத் தனி நெறிமுறை வெளியிட்டது. பெற்றோர் சம்மதம் கொடுத்தால் மட்டும் போதாது. ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தையிடமும் கேட்க வேண்டும் என்கிறது அது. மூன்றாம் ஆண்டு மாணவி ஒரு பள்ளிக்குப் போய் வினாத்தாள் கொடுக்கும்போது தலைமையாசிரியரின் கையெழுத்தோடு வேலை முடிந்துவிட்டதாகவே பல இடங்களில் நினைக்கிறார்கள்.

மழலையர் பள்ளிக்குத் திரும்புவோம். அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே ஒரு கோணல் இருந்தது. வளாகத்துப் பள்ளிக்கு யார் பிள்ளைகள் வருவார்கள்? பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிங் மழலையர் பள்ளியில்தான் வால்டர் மிஷல் தன் இனிப்புச் சோதனையைச் செய்தார். ஒரு மார்ஷ்மெல்லோ இப்போதே வேண்டுமா, காத்திருந்து இரண்டு வாங்கிக்கொள்கிறாயா என்று நாலு வயதுக் குழந்தையிடம் கேட்பது. அதிக நேரம் காத்திருந்தவர்கள் பிற்காலத்தில் தேர்வில் அதிகம் வாங்கினார்கள் என்று 1990-இல் வந்த முடிவு உலகம் சுற்றியது. நம்மூர்த் தன்முனைப்புப் பேச்சாளர்கள் அதை இன்றும் மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். அந்த முடிவுக்கு அடிப்படையான தேர்வு மதிப்பெண்கள் நூறு பேருக்கும் குறைவானவர்களுடையவை. அத்தனை பேரும் ஒரு பணக்காரப் பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றி வளர்ந்தவர்கள். டைலர் வாட்ஸும் கூட்டாளிகளும் 2018-இல் 900-க்கும் மேற்பட்ட, பலதரப்பட்ட குடும்பத்துக் குழந்தைகளின் தரவை ஆராய்ந்தபோது அந்தத் தொடர்பு பாதியாகக் குறைந்தது. குடும்ப வருமானம், வீட்டுச் சூழல், முன்பே இருந்த அறிவுத்திறன் ஆகியவற்றையும் கணக்கில் எடுத்ததும் மிச்சத்திலும் பெரும்பகுதி கரைந்தது. நாளைக்கு இனிப்பு வரும் என்று நம்பக் காரணம் இல்லாத வீட்டுக் குழந்தை கையில் இருப்பதை உடனே தின்பது புத்திசாலித்தனம் என்று வாதிடவும் இடமிருக்கிறது.

ஆகவே இந்தப் படிப்பில் சேரும் மாணவி ஒவ்வொரு கோட்பாட்டிடமும் கேட்க வேண்டியது ஒரு கேள்வி: எந்தக் குழந்தையை, எங்கே, யார் பார்த்தார்கள்? ஜான் பியாஜே பார்த்தது, கைக்குழந்தைப் பருவத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலும் தன் மூன்று பிள்ளைகளை. கேள்வி கேட்ட விதமும் இதில் சேரும். இரண்டு வரிசையில் சமமாகக் காசுகளை வைத்து, ஒரு வரிசையை மட்டும் அகலப் பரப்பிவிட்டு, இப்போது எதில் அதிகம் என்று கேட்டால் ஐந்து வயதுக் குழந்தை நீளமான வரிசையைக் காட்டும். எண்ணிக்கை மாறாது என்பது அதற்கு இன்னும் புரியவில்லை என்றார் பியாஜே. ஸ்காட்லாந்தில் மார்கரெட் டொனால்ட்சனும் ஜேம்ஸ் மெக்காரிகிளும் 1970-களில் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். வரிசையைக் கலைத்தது ஆய்வாளர் அல்ல, பெட்டியிலிருந்து தாவிவந்த ஒரு போக்கிரிக் கரடிப் பொம்மை. அதே வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் இப்போது சரியாகச் சொன்னார்கள். பெரியவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், முதல் பதில் தப்பு போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்வது எந்தக் குழந்தைக்கும் இயல்பு. பதில் தெரிந்தவரே கேள்வி கேட்கும் விசித்திர வழக்கத்துக்குப் பழகாத குழந்தைக்கு இது இன்னும் குழப்பம்.

பார்ப்பதற்கும் பயிற்சி வேண்டும். முதல் ஆண்டில் மாணவிகள் எழுதும் அவதானிப்புக் குறிப்பில் ‘மீனா கோபமாக இருந்தாள், பொம்மையைத் தர மறுத்து அடம்பிடித்தாள்’ என்ற மாதிரி வாக்கியங்கள் வரும். ஆசிரியர் சிவப்பு மையால் கோடு போடுவார். கோபம் என்பது உன் முடிவு. நீ கண்டது என்ன? திரும்ப எழுதினால் இப்படி வரும்: ‘ராஜா பொம்மையின் காலை இழுத்தான். மீனா இரண்டு கையாலும் அதை மார்போடு சேர்த்துக்கொண்டாள். பேசவில்லை. வாசல் பக்கம் பார்த்தாள். அவன் மறுபடி இழுத்தபோது திரும்பி உட்கார்ந்தாள்.’ இரண்டாவது குறிப்பை வைத்து வாதாடலாம். வாசல் பக்கம் ஏன் பார்த்தாள்? அம்மா விட்டுவிட்டுப் போய்ப் பத்து நிமிடம்தான் ஆகிறதா? முதல் குறிப்பில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. குழந்தைக்கு முத்திரை குத்தியாகிவிட்டது. டியூடர் அந்த ஆறு குழந்தைகளுக்குச் செய்ததன் லேசான வடிவம்தான் இது. தொடர் குறிப்பு எழுதுவது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துப் பதிவது, ஒரு குறிப்பிட்ட செயல் நடக்கும்போதெல்லாம் பதிவது என்று முறைகள் பல உண்டு. ஒரே குழந்தையை இரண்டு மாணவிகள் தனித்தனியே பார்த்து எழுதி ஒப்பிடும்போது கிடைக்கும் அதிர்ச்சி எந்தப் பாடநூலிலும் கிடைக்காது.

அளவுகோல்களின் கதை இதைவிட நம்பிக்கை தருவது. அயோவாவில் முனைவர் பட்டம் பெற்ற நான்சி பெய்லி, 1928 முதல் பெர்க்லியில் குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்து பின்தொடர்ந்து சிசுக்களின் வளர்ச்சிக்கு ஓர் அளவுகோல் செய்தார். அதை பரோடாவில் பிரமிளா ஃபாடக் எடுத்துக்கொண்டார். கலிஃபோர்னியக் குழந்தைகளின் அட்டவணையை நம் குழந்தைகள்மேல் போர்த்தாமல், பரோடாக் குழந்தைகளை மாதாமாதம் அளந்து, எந்த வயதில் எது இயல்பு என்று தனி நெறிகள் வகுத்தார். அதன் வளர்ந்த வடிவத்தில் பிறப்பு முதல் 30 மாதம் வரை உடலியக்கத்துக்கு 67, மனவளர்ச்சிக்கு 163 உருப்படிகள் இருக்கின்றன. மருத்துவமனைகள் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றன. ஆனால் அதை எடுக்கப் பயிற்சி பெற்றவரும் கருவிப்பெட்டியும் நேரமும் வேண்டும். திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் எம்.கே.சி. நாயரின் குழு அந்த பரோடா நெறிகளிலிருந்து 17 உருப்படிகளை மட்டும் பொறுக்கி ஒரு தாளில் அடங்கும் படமாக்கியது. இரண்டு வயது வரையுள்ள குழந்தையைச் சில நிமிடங்களில் அங்கன்வாடிப் பணியாளரே பார்த்துவிடலாம். அயோவா, பெர்க்லி, பரோடா, திருவனந்தபுரம் என்று வந்து அங்கன்வாடிப் பாயில் முடியும் இந்தப் பயணத்தில், ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் புதிதாகக் குழந்தைகளைப் பார்க்க வேண்டியிருந்தது.

நெறி என்பதையும் விதி என்று வாசித்துவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி, தனியாக நடக்கத் தொடங்குவதற்கான இயல்பான வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிகிறது. 4.3 சதவீதக் குழந்தைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை. நேரே எழுந்து நடந்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டதே என்று தவிக்கும் தாய்க்குச் சொல்ல வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

குழந்தை தன்னை வளர்ப்பவரோடு கொள்ளும் பற்றுறவைப் பற்றிய ஆய்வுக்கு வந்தால் சிக்கல் கூடுகிறது. மேரி எய்ன்ஸ்வொர்த் 1950-களில் உகாண்டா கிராமங்களில் தாய்மாரையும் சேய்களையும் வீட்டுக்கே போய்ப் பார்த்தவர். பிறகு பால்டிமோரில், தாய் அறையைவிட்டுப் போய்த் திரும்புவதைக் குழந்தை எப்படி எதிர்கொள்கிறது என்று பார்க்கும் இருபது நிமிடச் சோதனையை உருவாக்கினார். பாடநூல்களில் நிலைத்தது அந்த இருபது நிமிடம். உகாண்டா ஓரத்துக்குப் போய்விட்டது. தாயின் முதுகிலிருந்தும் இடுப்பிலிருந்தும் இறங்காத ஜப்பானியக் குழந்தைகளுக்கு அந்தச் சோதனை தாங்க முடியாததாக இருந்தது. தமிழ்நாட்டுக் கிராமத்துக் குடும்பம் ஒன்றில் தங்கி மார்கரெட் ட்ராவிக் எழுதி 1990-இல் வெளியான நூலைப் படித்தால் வேறொரு நெருடல் வரும். பெற்றவளே பிள்ளையை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்பட்டுவிடும் என்று பாசத்தை மறைக்கிற வீடு அது. அண்ணன் பிள்ளைக்கு ஊட்டும் கை தன் பிள்ளையிடம் கொஞ்சம் கண்டிப்பு காட்டும். எய்ன்ஸ்வொர்த்தின் சோதனை அறையில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருந்து இதை மதிப்பிடுபவர் ‘விலகல்’ என்று குறித்துக்கொண்டு போயிருப்பார்.

இதை வைத்துக்கொண்டு, மேற்கத்திய உளவியல் நமக்கு ஒத்துவராது, பாட்டிக்குத் தெரியாததா என்று கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அது சோம்பேறித்தனம். ருமேனியாவில் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா மூவரும் புக்காரெஸ்ட் நகரக் காப்பகங்களிலிருந்த 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். 2007-இல் வந்த முடிவுகளில், குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவுத்திறன் தெளிவாக உயர்ந்திருந்தது. இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கு அதிகம் பலித்தது. ஸ்கீல்ஸைக் கேலி செய்தவர்கள் கேட்ட குலுக்கல் இதில் இருக்கிறது. பாசம் எந்த வடிவில் வரும் என்பது ஊருக்கு ஊர் மாறலாம். தனக்கென்று ஓர் ஆள் இல்லாமல் குழந்தை வளராது என்பது அயோவாவிலும் புக்காரெஸ்டிலும் மாறவில்லை.

வேலை விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். உளவியலோ மனித மேம்பாடோ, மூன்றாண்டு பி.எஸ்சி. மட்டும் படித்துவிட்டு மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்ட முடியாது. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டப்படி, அங்கீகரித்த மேற்படிப்பும் பதிவும் அதற்கு வேண்டும். பல தனியார் கல்லூரி விளம்பரங்கள் இதைப் பொடி எழுத்தில்கூடப் போடுவதில்லை. மறுபக்கம், இந்தப் படிப்பு தேவைப்படும் இடங்கள் ஏராளம். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், 2013-இல் வந்த பள்ளி, அங்கன்வாடிப் பரிசோதனைத் திட்டமும் அதன் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களும், சிறப்புப் பள்ளிகள், இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் இயங்கும் இல்லங்கள். இந்தக் கடைசி இடத்துக்குப் போகிறவர் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது அது. நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று குழந்தையிடம் வாக்குக் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்கும் மாணவி சிக்கலில் மாட்டுவாள்.

சேர்க்கைக்கு முன் கல்லூரியில் கட்டடத்தையும் வளாக நேர்காணலையும் பற்றி விசாரிக்கும் பெற்றோர், வேறு சிலவற்றையும் கேட்கலாம். வளாகத்தில் மழலையர் பள்ளி இருக்கிறதா, அதை மாணவிகள் பயன்படுத்துகிறார்களா, வருமானத்துக்காக மட்டும் நடக்கிறதா? மூன்றாண்டில் எத்தனை மணி நேரம் குழந்தைகளோடு இருக்க வேண்டும் என்று பாடத்திட்டம் எழுத்தில் சொல்கிறதா? அதில் எத்தனை மணி நேரம் வளாகத்துக்கு வெளியே, அரசு அங்கன்வாடியிலும் சிறப்புப் பள்ளியிலும்? அவதானிப்புக் குறிப்பேட்டை யார் திருத்துகிறார்? சென்ற ஆண்டுக் குறிப்பேடு ஒன்றைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை இருந்தால் சேர்க்கலாம்.